வெற்றுக் கட்டத்தில் வந்து உட்காரும் 1899: மெயில் மெர்ஜில் தேதி இல்லாதவர்களுக்கு என்ன செய்வது

"மக்கா, நான் எப்பம்ல செத்தேன்?" என்று கேட்டுக்கொண்டுதான் அந்தப் பாட்டா என் கடைக்குள் வந்தார். கையில் நான் அச்சடித்துக் கொடுத்த குடும்ப அட்டை. இறந்த நாள் என்ற இடத்தில் 30-12-1899. பின்னாலேயே வந்த பாட்டியும் விடவில்லை. "அப்பம் நான் இத்தனை வருஷமா ஆருக்குச் சோறு வெச்சேன்?"

நாகர்கோவிலில் சின்ன டிடிபி கடை வைத்திருக்கிறேன். ஒரு கடற்கரை ஊர்க் கத்தோலிக்கப் பங்கின் (ஒரு கோயிலைச் சேர்ந்த மக்கள்) குடும்ப அட்டை வேலை வந்தது. ஆளுக்கு ஒரு தாள், அதில் பிறந்த நாள், ஞானஸ்நானம், புதுநன்மை (முதல் நற்கருணை), உறுதிப்பூசுதல் (விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கு), திருமணம், இறப்பு என்று ஆறு தேதி. கொஞ்சம் யோசித்தால் தெரியும், இந்த ஆறும் நிரம்பிய ஆள் உயிரோடு இருக்க முடியாது. நாலு வயதுக் குழந்தைக்கு இரண்டு தேதிதான் இருக்கும், கல்யாணம் ஆகாதவருக்கு ஐந்தாவது இருக்காது. ஆக பட்டியலில் பாதிக்குப் பாதி காலியாக இருப்பதுதான் சரியான பட்டியல். நான் முதல் மூன்று பேரை மட்டும் திரையில் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறதே என்று மொத்தத்தையும் பிரிண்டுக்கு அனுப்பினேன். அந்த மூன்று பேரும் உண்மையிலேயே இறந்துபோனவர்கள், அதனால் மூன்று தாளும் அழகாக வந்தன. மிச்சம் எல்லாரையும் 1899 டிசம்பரில் நானே கொன்றுவிட்டேன்.

பேப்பர் போனது, மானமும் போனது. ஒரு பட்டியலில் இருக்கும் பெயர், தேதிகளை ஒரே மாதிரித் தாளில் ஆளுக்கு ஒன்றாக வேர்டு நிரப்பித் தருவதுதான் மெயில் மெர்ஜ். அந்த வேலையில் கற்றதை இப்போதுதான் அதைத் தொடங்குகிறவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன். வேர்டும் எக்செலும் இருந்தால் போதும், அக்செஸ் (தகவல் பட்டியல்களை வைத்துக்கொள்ளும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்) வைத்திருப்பவர்களுக்கும் ஒரு பகுதி இருக்கிறது.

1899 எங்கிருந்து வருகிறது

கம்ப்யூட்டர் தேதியைத் தேதியாக வைத்துக்கொள்வதில்லை, நாள் கணக்காக, ஒரு எண்ணாகத்தான் வைத்திருக்கிறது. எக்செலில் 1 என்றால் 01-01-1900, 2 என்றால் மறுநாள், இப்படியே போகும். அப்படியானால் 0 என்றால் என்ன? எக்செல் கூசாமல் 00-01-1900 என்று காட்டும், அதாவது ஜனவரி மாதம் பூஜ்யம் தேதி. அக்செஸில் அதே 0 என்பது 30-12-1899. தேதி வடிவம் எதுவும் கொடுக்காமல் விட்டால் தேதியே இல்லாமல் 12:00:00 ஏஎம் என்று நேரத்தை மட்டும் காட்டும். இந்த மூன்றில் எதைப் பார்த்தாலும் "இது தேதி இல்லை, வெறும் பூஜ்யம்" என்று புரிந்துகொள்ளுங்கள்.

(இரண்டும் ஏன் வேறு வேறு பூஜ்யம் வைத்திருக்கின்றன என்று கேட்டால் அது ஒரு தமாஷ். 1900 லீப் வருஷம் இல்லை, ஆனால் எக்செலில் 29-02-1900 என்று ஒரு நாள் உண்டு. லோட்டஸ் 1-2-3 என்ற அந்தக் காலத்துக் கணக்கு மென்பொருள் செய்த தப்பு அது, அந்த ஃபைல்களோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக எக்செலும் அப்படியே எடுத்துக்கொண்டது. 1900 மார்ச் 1 முதல் இரண்டு கணக்கும் ஒன்றுதான், அதற்கு முன்னால் மட்டும் ஒரு நாள் இடிக்கும்.)

சரி, காலியாக இருந்த கட்டம் எப்படிப் பூஜ்யம் ஆனது? எனக்கு வந்த ஃபைலில் அன்பியத்துக்கு (பங்குக்குள் இருக்கும் சின்ன வீட்டுக் குழு) ஒரு ஷீட்டாக அடித்து, எல்லாவற்றையும் ஒரே ஷீட்டில் சேர்ப்பதற்கு "=" போட்டு இழுத்திருந்தார்கள். எக்செலில் ஒரு காலிக் கட்டத்தை "=" போட்டு இன்னொரு கட்டத்தில் கொண்டுவந்தால் அங்கே வருவது காலி இல்லை, 0. போதாக்குறைக்கு யாரோ பூஜ்யம் மட்டும் கண்ணுக்குத் தெரியாதபடி வடிவத்தை மாற்றி வைத்திருந்தார்கள். பார்க்கிறவனுக்கு ஷீட் சுத்தமாக இருந்தது. அதை அக்செஸுக்குள் ஏற்றி, தேதி வடிவமும் கொடுத்தேன், எல்லாப் பூஜ்யமும் எழுந்து வந்துவிட்டது.

பூஜ்யமே இல்லாமல் உண்மையிலேயே காலியாக இருந்தாலும் வேர்டுக்குள் வரும்போது சில சமயம் 12:00:00 ஏஎம் என்று வந்து நிற்கும். அப்புறம் வேர்டில் போய் "காலியாக இருந்தால் விட்டுவிடு" என்று எத்தனை நிபந்தனை எழுதினாலும் எடுபடாது, ஏனென்றால் வேர்டின் கண்ணுக்கு அது காலி இல்லை, நள்ளிரவு 12 மணி. அதனால் தேதியைச் சரிசெய்யும் வேலையை வேர்டில் வைத்துக்கொள்ளாதீர்கள், பட்டியலிலேயே முடித்துவிட்டு வாருங்கள்.

கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்னால்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். ஃபார்முலா ஐந்து நிமிஷ வேலை, இதுதான் எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

ஒவ்வொரு தேதிப் பத்திக்கும் (மேலிருந்து கீழாக வரும் கட்டங்களின் வரிசை) ஒரு கேள்வி கேளுங்கள்: இது காலி என்றால் என்ன அர்த்தம்? புதுநன்மை காலி என்றால் ஒருவேளை குழந்தை இன்னும் வாங்கவில்லை. ஒருவேளை வாங்கியிருக்கிறது, ஆனால் வேறு ஊரில், இந்தப் பதிவேட்டில் ஏறவில்லை. கல்யாணத் தேதி காலி என்றால் ஆகவில்லை, அல்லது ஆகித் தேதி தெரியவில்லை, அல்லது அவர் கன்னியாஸ்திரி, அந்தக் கேள்வியே அவருக்கு இல்லை. கட்டம் மூன்றுக்கும் ஒரே மாதிரி வெறுமையாகத்தான் இருக்கும். அச்சில் மூன்றையும் ஒரே மாதிரி விடக்கூடாது. இன்னும் நடக்காததற்கு அந்த வரியே வரக்கூடாது, நடந்து தேதி தெரியாததற்குப் புள்ளிக்கோடு வந்தால் வீட்டுக்காரர்கள் பேனாவால் எழுதிக்கொள்வார்கள், பொருந்தாததற்கு ஒரு சின்னக் கோடு போதும். நாங்கள் முடிவெடுத்தது இப்படி, உங்களுக்கு வேறு மாதிரி இருக்கலாம்.

இறப்புப் பத்திதான் கஷ்டம். காலி என்றால் உயிரோடு இருக்கிறார் என்று நான் சாதாரணமாக எடுத்துக்கொண்டேன். கோயில்பிள்ளைதான் (கோயில் வேலைகளைப் பார்க்கிறவர்) நிறுத்தினார். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயலில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள் இருக்கிறார்கள், உடல் கிடைக்கவில்லை, பதிவேட்டில் எந்தத் தேதியும் எழுதவில்லை. அவர்களுடைய கட்டமும் காலிதான். என்ன ஃபார்முலா போட்டாலும் அதற்குள் இந்த வித்தியாசம் வராது. இறந்த நாள் என்ற வரியைச் சும்மா விட்டால் ஒரு வீட்டில் ஒரு மாதிரி புரியும், கோடு போட்டால் இன்னொரு வீட்டில் வேறு மாதிரி புரியும். கடைசியில் சாமியும் (பங்குத் தந்தை) கோயில்பிள்ளையும் அந்த வீடுகளுக்கே போய்க் கேட்டுவிட்டு வந்தார்கள். சிலர் "கடலில் காணாமற்போனார், 2017" என்று போடச் சொன்னார்கள், ஒரு வீட்டில் எதுவுமே போட வேண்டாம் என்றார்கள். அப்படியே செய்தோம். இதற்காகப் பட்டியலில் "நிலை" என்று தனியாக ஒரு பத்தி சேர்த்தோம்: இருக்கிறார், இறந்தார், காணவில்லை. யார் எந்த நிலையில் இருக்கிறார் என்பதைத் தேதி காலியாக இருக்கிறதா என்று பார்த்து ஊகிக்காமல், அந்தப் பத்தியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

இதற்கு நேர்மாறாக ஒன்றும் நடந்தது. கடையில் புதிதாகச் சேர்ந்த பையன், உள்நாட்டுக்காரன் (கடற்கரைக்காரன் இல்லை), இறப்புப் பத்தியில் 26-12-2004 என்று ஒரே தேதி வரிசையாக வருவதைப் பார்த்துவிட்டு, யாரோ மௌஸால் இழுத்தபோது தேதி கீழே வரை நகலாகிவிட்டது என்று நினைத்து அழிக்கப் போனான். அது சுனாமி நாள். நல்லவேளை, கேட்டுவிட்டுத்தான் கை வைத்தான்.

பட்டியலைச் சுத்தம் செய்வது

ஃபைலை நகல் எடுத்துக்கொண்டு நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். தேதி தெரியாத இடத்தில் 01-01-1900 என்றோ 01-01-1111 என்றோ அடித்து நிரப்பாதீர்கள். இன்றைக்கு அது உங்களுக்குத் தெரியும், இரண்டு வருஷம் கழித்து வேறு யாராவது அதே பட்டியலில் வயது கணக்குப் போட்டால் நூற்றுச் சொச்சம் வயதில் ஒரு பத்துப் பேர் கிளம்புவார்கள்.

வயதானவர்களுக்குப் பெரும்பாலும் வருஷம் மட்டும்தான் தெரியும், ஆதார் அட்டையிலேயே பலருக்குப் பிறந்த வருஷம் மட்டும்தான் இருக்கிறது. தேதிப் பத்தியில் 1947 என்று அடித்தால் எக்செல் அதை 1947ஆவது நாள் என்று எடுத்துக்கொண்டு 30-04-1905 என்று மாற்றிவிடும். பட்டியலில் எங்கே 1905 தெரிந்தாலும் சந்தேகப்படுங்கள், அது யாரோ வருஷம் மட்டும் அடித்த இடமாகத்தான் இருக்கும். இதைத் தடுக்க எண்ணுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி ஒன்றைப் போட்டு '1947 என்று அடியுங்கள். அப்போது எக்செல் அதை எழுத்தாக வைத்துக்கொள்ளும், குறி அச்சில் வராது. அதேபோல வருஷத்தை இரண்டு இலக்கத்தில் அடிக்கவே கூடாது. 12-5-28 என்று அடித்தால் 1928இல் பிறந்த பாட்டி 2028இல் பிறக்கப்போகிறவர் ஆகிவிடுவார்.

நம்ம மாவட்டத்துக்கென்றே ஒரு தலைவலி இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரைக்கும் இது திருவிதாங்கூர் பக்கம். பழைய பதிவேடுகளில் கொல்லம் ஆண்டில் (மலையாள ஆண்டுக் கணக்கு) எழுதியிருப்பார்கள், கொல்லம் 1110 மேடம் (நம்ம சித்திரை) என்பது போல. கொல்லம் ஆண்டோடு 824 அல்லது 825 கூட்டினால் ஆங்கில வருஷம் கிடைக்கும், ஆவணி வாக்கில் வருஷம் மாறுவதால் மாதத்தைப் பார்த்துத்தான் எது என்று சொல்ல முடியும். 1110 மேடம் என்றால் 1935. இதை அப்படியே 15-9-1110 என்று எக்செலில் அடித்தால் 1900க்கு முந்திய தேதி எதையும் அதற்குத் தெரியாது என்பதால் எழுத்தாக விட்டுவிடும், தப்பித்தோம். அக்செஸுக்கு கி.பி. 100 வரைக்கும் தேதி தெரியும். அது மகிழ்ச்சியாக வாங்கிக்கொண்டு பாட்டாவைச் சோழர் காலத்தில் பிறக்க வைத்துவிடும். தேதி உறுதியாகத் தெரிந்தால் மாற்றி எழுதுங்கள், இல்லையென்றால் "கொல்லம் 1110, மேடம்" என்று எழுத்திலேயே இருக்கட்டும். எழுத்தும் தேதியும் கலந்து கிடப்பதை அடுத்து வரும் ஃபார்முலா பார்த்துக்கொள்ளும்.

அச்சுக்கென்று தனிப் பத்தி

அசல் தேதிப் பத்தியை அப்படியே விட்டுவிடுங்கள், வரிசைப்படுத்தவும் வயது பார்க்கவும் அது வேண்டும். அதற்குப் பக்கத்தில் "அச்சு_திருமணம்", "அச்சு_இறப்பு" என்று புதுப் பத்திகள் போட்டு, அவற்றில் தேதியை எழுத்தாக மாற்றிக்கொள்ளுங்கள். வேர்டுக்குப் போவது இந்தப் பத்திகள் மட்டும்தான்.

அசல் தேதி டி2 கட்டத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புதுப் பத்தியின் இரண்டாவது வரியில் இந்த ஃபார்முலா. இங்கே வாசிக்கிற மாதிரி தமிழில் எழுதியிருக்கிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்:

=இஃப்(இஸ்டெக்ஸ்ட்(டி2),டிரிம்(டி2),இஃப்(டி2>0,டெக்ஸ்ட்(டி2,"டிடி-எம்எம்-ஒய்ஒய்ஒய்ஒய்"),""))

இது செய்வது இதுதான். கட்டத்தில் எழுத்து இருந்தால் (1947, கொல்லம் 1110, புள்ளிக்கோடு எதுவானாலும்) முன்னும் பின்னும் இருக்கிற இடைவெளியை வெட்டிவிட்டு அப்படியே எடுத்துக்கொள்ளும். எண்ணாக இருந்து பூஜ்யத்தைவிடப் பெரிதாக இருந்தால் அது நிஜத் தேதி, நாள்-மாதம்-வருஷம் என்று எழுத்தாக்கும். மிச்சம் எல்லாம், அதாவது காலியும் பூஜ்யமும், ஒன்றுமில்லாமல் போகும். டிரிம் எதற்கு என்றால், அடிக்கிறவர்களில் பாதிப் பேர் கட்டத்தை அழிக்க டெலிட்டை அமுக்காமல் ஸ்பேஸ் பாரைத் தட்டிவிட்டுப் போவார்கள். பார்த்தால் காலி, உள்ளே ஒரு இடைவெளி உட்கார்ந்திருக்கும்.

அடித்து முடித்ததும் கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கடைசி வரி வரை இழுத்துவிடுங்கள். லிப்ரே ஆபீஸ் கால்க் வைத்திருப்பவர்களுக்கும் இதே ஃபார்முலாதான், அங்கே பூஜ்யம் 30-12-1899 என்று காட்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்படி எழுத்தாக்குவதில் இன்னும் இரண்டு லாபம். தேதியைத் தேதியாகவே அனுப்பினால் வேர்டுக்குப் போகும் வழியில் அது அமெரிக்க வரிசையில், மாதம் முன்னால் நாள் பின்னால் என்று மாறிவிடும், மார்ச் 5 பார்ப்பவருக்கு மே 3 ஆகிவிடும். எழுத்துக்கு அந்தப் பயம் இல்லை. இரண்டாவது, எக்செல் பட்டியலை வேர்டு இழுக்கும்போது ஒரு பத்தி தேதியா எழுத்தா என்பதை முதல் எட்டு வரியை மட்டும் பார்த்துத்தான் முடிவு செய்யும். முதல் எட்டும் தேதியாக இருந்து, நூறாவது வரியில் "கொல்லம் 1110" என்று இருந்தால் அது அச்சில் சத்தமில்லாமல் காணாமல் போகும். பத்தி முழுக்க எழுத்தாக இருந்தால் இந்தக் குழப்பமே வராது.

அக்செஸ்காரர்கள் இதையே ஒரு குவெரியில் செய்யலாம். வாய்மொழியாகச் சொன்னால்: ஐஇஃப் என்று தொடங்கி, [இறப்பு]<>0 என்ற நிபந்தனை, அப்புறம் ஃபார்மேட்([இறப்பு],"டிடி-எம்எம்-ஒய்ஒய்ஒய்ஒய்"), கடைசியில் "". காலியாக இருப்பதும் பூஜ்யமும் இரண்டுமே இந்த ஒரு நிபந்தனையில் விழுந்துவிடும். இஸ்நல் மட்டும் போட்டு நான் மாட்டிக்கொண்டது இங்கேதான், அது காலியைப் பிடிக்கும், பூஜ்யத்தைப் பிடிக்காது. என்இஸட் என்று ஒரு சுருக்க வழி அக்செஸில் உண்டு, அதைப் பலரும் சொல்லித்தருவார்கள், அக்செஸுக்குள் நன்றாகவே ஓடும், ஆனால் வேர்டிலிருந்து அந்தக் குவெரியை இழுத்தால் அப்படி ஒரு ஃபங்ஷனே தெரியாது என்று நின்றுவிடும். அரைநாள் போனது எனக்கு.

வேர்டில்

இங்கே வேலை குறைவுதான். மெயிலிங்ஸ் பட்டையில் செலக்ட் ரெசிப்பியன்ட்ஸ், அதில் யூஸ் அன் எக்சிஸ்டிங் லிஸ்ட், உங்கள் ஃபைல், சரியான ஷீட். அப்புறம் இன்சர்ட் மெர்ஜ் ஃபீல்டில் அச்சுப் பத்திகளை மட்டும் எடுத்து அந்தந்த இடத்தில் வையுங்கள், பட்டியலில் இருப்பது வந்து நிரம்பும் அந்த இடம்தான் ஃபீல்டு.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். தாளில் "திருமண நாள்:" என்று அடித்துவிட்டுப் பக்கத்தில் ஃபீல்டை வைத்தால், தேதி இல்லாத ஆளுக்கு "திருமண நாள்:" என்ற தலைப்பு மட்டும் அந்தரத்தில் தொங்கும். ஒரு வரியில் ஃபீல்டு மட்டும் தனியாக இருந்து அது காலியானால் வேர்டு அந்த வரியையே எடுத்துவிடும், பக்கத்தில் ஒரு எழுத்து இருந்தாலும் எடுக்காது. அதனால் தலைப்பையும் எக்செலிலேயே சேர்த்துவிடுங்கள். இன்னொரு பத்தி போட்டு, அச்சுத் தேதி ஜி2வில் இருந்தால்:

=இஃப்(ஜி2="","","திருமண நாள்: "&ஜி2)

இந்தப் பத்தியை வேர்டில் தனி வரியாக வைத்தால் கல்யாணம் ஆகாதவர் தாளில் வரி மேலேறிக்கொள்ளும், ஓட்டை தெரியாது. ஆனால் தாளில் டேபிள் போட்டு அதற்குள் ஃபீல்டு வைத்தால் இது நடக்காது, கட்டம் கட்டமாகத்தான் நிற்கும். அங்கே ஒரு சின்னக் கோடு வரும்படி எக்செலிலேயே கொடுத்துவிடுவது நல்லது.

மெயிலிங்ஸில் ரூல்ஸ் என்று ஒன்று இருக்கிறது, அதில் இஃப் தென் எல்ஸ் எடுத்து "காலியாக இருந்தால் இது, இல்லையென்றால் அது" என்று வேர்டிலேயும் கேட்கலாம். ஒரே ஒரு வாக்கியம் மாற வேண்டிய கடிதத்துக்கு அது சௌகரியம். உதாரணமாக நிலை "காணவில்லை" என்றால் ஒரு வாக்கியம், மற்றவர்களுக்கு வேறு என்பது போல. ஆறு தேதிக்கும் அதை வைத்து மல்லுக்கட்டாதீர்கள்.

யாராவது ஏற்கனவே செய்த டெம்ப்ளேட் உங்கள் கைக்கு வந்தால் ஆல்ட் + எஃப்9 அமுக்கிப் பாருங்கள், ஃபீல்டுகளின் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியும். மாதம் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாருக்கும் 00 வந்தால், அங்கே எம்எம் சின்ன எழுத்தில் இருக்கும். எக்செலுக்குப் பெரிசு சின்னது கணக்கில்லை, வேர்டில் சின்ன எம்எம் என்றால் நிமிஷம்.

அச்சுக்கு முன்

முதல் மூன்று பேரைப் பார்த்துத் திருப்தி அடைகிற வேலை வேண்டாம். பட்டியலிலிருந்து வேண்டுமென்றே கோணலான ஆட்களைப் பொறுக்குங்கள்: ஒரு குழந்தை, கல்யாணம் ஆகாத ஒருவர், ஒரு கன்னியாஸ்திரி, வருஷம் மட்டும் தெரிந்த ஒரு பாட்டி, கொல்லம் ஆண்டுக்காரர் ஒருவர், இறந்தவர், காணாமற்போனவர். ப்ரிவ்யூ ரிசல்ட்ஸை அமுக்கி இவர்களை ஒவ்வொருவராகப் பாருங்கள்.

அப்புறம் நேராகப் பிரிண்டருக்கு அனுப்பாமல் ஃபினிஷ் அண்ட் மெர்ஜில் எடிட் இன்டிவிஜுவல் டாக்குமென்ட்ஸ் கொடுங்கள். எல்லாருடைய தாளும் ஒரே ஃபைலாக வரும். அதில் கண்ட்ரோல் + எஃப் போட்டு 1899, 1900, 1905, 12:00:00 என்று நாலையும் ஒவ்வொன்றாகத் தேடுங்கள். ஒன்றுகூட அகப்படக் கூடாது. 1905இல் யாராவது உண்மையிலேயே பிறந்திருக்கலாம், அதைப் பதிவேட்டைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இது எல்லாம் முடிந்தும் நான் ஒரு அன்பியத்துக்கு மட்டும் முதலில் அச்சடித்து, கோயில்பிள்ளையிடம் கொடுத்து இரண்டு நாள் வைத்துப் பார்க்கச் சொன்னேன். திரையில் நான் நாலு தடவை பார்த்தும் படாத ஒன்று அவர் கண்ணில் பட்டது. ஒரு அம்மாவுக்குத் திருமண நாளும் மகனின் ஞானஸ்நான நாளும் ஒரே தேதி. அடித்தவர் கட்டம் மாறி அடித்திருக்கிறார். காலிக் கட்டத்தைத் தேடித் தேடி, நிரம்பிய கட்டத்தை நான் பார்க்கவே இல்லை. அந்தப் பாட்டாவுக்குப் புது அட்டை கொடுத்தபோது பழையதைத் திருப்பிக் கேட்டேன், தர மாட்டேன் என்றுவிட்டார்.